பயிரில்லா நிலத்துக்கு வேலி

“இந்நூல் உங்கள் நாட்டில் கிடைக்காது.” புலம்பெயர்ந்த தமிழ் வாசகர் மின்னூல் கடைகளில் அடிக்கடி எதிர்கொள்ளும் வாக்கியம் இது. ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், ஜேர்மன் மொழியிலும் நோர்வேஜிய மொழியிலும் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள், பொருள் ஒன்றுதான். நூலின் அட்டைப்படம் தெரியும். சில வேளை முதற்பக்கங்களைக்கூட வாசிக்கக் கிடைக்கும். விலை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இந்த ஒற்றை வரி நிற்கும்.

ஒரு கடையின் அறிவிப்பைப் பற்றி இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு மொழியின் நூல்கள் யாருடைய கைக்குப் போகின்றன, யாருடைய கைக்குப் போகாமல் நிற்கின்றன என்பது அந்த மொழியின் இலக்கியத்தை உருவாக்கும் காரணிகளில் ஒன்று. கவிதையையும் நாவலையும் வரிவரியாக வாசிக்கும் நாம், எம்மை அவற்றிடமிருந்து பிரிக்கும் வரியையும் ஒருமுறை கவனமாக வாசிக்கலாம்.

முதலில் “உங்கள் நாடு” என்ற சொற்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சென்னையில் சில ஆண்டுகள் இருந்து, பாரிஸில் அகதி அட்டை பெற்று, இப்போது ரொறன்ரோவில் வசிக்கும் ஒருவருக்கு “உங்கள் நாடு” எது? எமது புனைகதைகளில் பாதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கடைக்கு அந்தக் குழப்பம் கிடையாது. கடன் அட்டைக்கு எந்த முகவரியோ, கணினியின் ஐ.பி. முகவரி எந்த நிலப்பரப்பைச் சேர்ந்ததோ, அதுவே உங்கள் நாடு. நீங்கள் எந்த மொழியில் வாசிக்கிறீர்கள் என்பதை அது கேட்பதில்லை.

அடுத்தது “கிடைக்காது” என்ற சொல். இது யாரும் செய்யாத ஒரு செயலைச் சொல்லும் வினை. மழை பெய்யவில்லை என்பதுபோல, நூல் கிடைக்கவில்லை. யார் தரவில்லை, ஏன் தரவில்லை என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ஆனால் ஒவ்வொரு “கிடைக்காது” என்பதற்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. அல்லது யாரோ ஒருவர் எடுக்கத் தவறிய முடிவு இருக்கிறது. அதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வேலியை முதலில் போட்டவர்கள் ஆங்கிலப் பதிப்பாளர்கள். ஓர் ஆங்கில நாவலை லண்டனில் ஒருவரும் நியூயோர்க்கில் இன்னொருவரும் வெளியிடுவர். இருவரும் எழுத்தாளருக்குத் தனித்தனியே பணம் கொடுத்தவர்கள். ஒருவருடைய பதிப்பு மற்றவருடைய சந்தைக்குள் நுழையாமலிருக்க உலகத்தைப் பங்குபோட்டுக் கொண்டார்கள். 1947இல் பிரித்தானியப் பதிப்பாளர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, பழைய பேரரசின் நாடுகளை மொத்தமாகத் தம் சந்தையாக வரையறுத்தது. இந்தியாவும் இலங்கையும் அதற்குள் அடக்கம். அமெரிக்க அரசு போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்ததால் 1976இல் அந்த உடன்பாடு கைவிடப்பட்டது. ஆனால் பங்குபோடும் பழக்கம் ஒப்பந்தப் பத்திரங்களில் தொடர்ந்தது. அச்சு நூலின் காலத்தில் அதில் ஒரு நியாயமும் இருந்தது: வேலியின் இரு பக்கத்திலும் இரண்டு தோட்டக்காரர்கள் இருந்தார்கள்.

மின்னூல் வந்தபோது அந்த வேலியும் கூடவே வந்தது. முன்பைவிடக் கடுமையாகவும் வந்தது. அச்சு நூலை லண்டனில் வாங்கிப் பெட்டியில் வைத்து நியூயோர்க்குக்குக் கொண்டு போகலாம். எந்தச் சுங்க அதிகாரியும் அதைப் பறிக்கமாட்டார். மின்னூலில் அந்தச் சுதந்திரம் இல்லை. 2009ஆம் ஆண்டு யூலையில் அமேசன் நிறுவனம், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு அமெரிக்காவில் அந்நூல்களை விற்கும் உரிமை இருக்கவில்லை என்பதே காரணம். ஓர்வெல் 1950இல் இறந்தவர். அப்போது கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவருடைய நூல்கள் எவரும் வெளியிடக்கூடிய பொதுச்சொத்து; அமெரிக்காவில் அல்ல. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. ஆனாலும் மின்னூலை “வாங்குவது” என்றால் என்ன என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. நாம் வாங்குவது ஓர் அனுமதியை. அந்த அனுமதிக்கு ஒரு நாட்டின் எல்லை உண்டு.

ஜேர்மனியில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு நிகழ்வு நினைவிருக்கலாம். 2018 பெப்ரவரியில் பிராங்போர்ட் நீதிமன்றம், தோமஸ் மான், ஹைன்ரிக் மான், அல்பிரட் டோப்ளின் ஆகிய மூவரின் 18 நூல்களை ஜேர்மனியில் காட்டக்கூடாது என்று அமெரிக்காவின் குட்டன்பேர்க் திட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த 18 நூல்களும் அமெரிக்கச் சட்டத்தின்படி பொதுச்சொத்து; ஜேர்மனியில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கழிய வேண்டும். குட்டன்பேர்க் திட்டம் இதற்குச் செய்த பதில், தன் தளம் முழுவதையும் ஜேர்மனிக்கு மூடிவிட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாட்டின் வாசகர்களுக்கு இல்லாமற் போயின. 2021 ஒக்ரோபரில் இரு தரப்பும் சமரசம் செய்த பிறகே தளம் திறந்தது. பதினெட்டுக்காக ஐம்பதாயிரம்: வேலி போடுபவர்கள் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே போடுகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அந்த வேலிக்கு இரு பக்கமும் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றேன். தமிழில் யார் இருக்கிறார்கள்? சென்னையில் வெளியாகும் ஒரு நாவலின் கனடா உரிமையைத் தனியாக வாங்கி ரொறன்ரோவில் வெளியிடும் பதிப்பகம் எது? லண்டனில் எது? சிட்னியில் எது? அப்படி ஒரு வணிகம் தமிழில் உருவாகவேயில்லை. ஆகவே ஒரு தமிழ் மின்னூலை இந்தியாவுக்கு மட்டும் என்று அடைத்து வைக்கும்போது, அது எந்தப் போட்டியாளரின் உரிமையையும் காப்பாற்றுவதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் அறிவோம். இது பயிரே இல்லாத நிலத்துக்குப் போட்ட வேலி.

இதிலுள்ள முரண் இன்னும் ஆழமானது. அ. முத்துலிங்கம் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறார். ஷோபாசக்தி பாரிஸில் இருந்து எழுதுகிறார். இவர்களைப் போன்றவர்களின் நூல்கள் தமிழ்நாட்டில் அச்சாகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளின் தமிழ் இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க பகுதி இந்தியாவுக்கு வெளியே எழுதப்பட்டது. எழுதும் கை ஒரு நாட்டில், அச்சு இன்னொரு நாட்டில், வாசகர் பத்து நாடுகளில் என்பதுதான் இன்றைய தமிழ் நூலின் உண்மையான வரைபடம். கடையின் வரைபடம் இதற்கு எங்கும் பொருந்துவதில்லை.

அப்படியானால் இந்த வேலியைப் போடுவது யார்? நாம் வழமையாகப் பெரிய நிறுவனங்களைத் திட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மூன்று வேலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது கடையின் வேலி. ஒரே நிறுவனம் நாட்டுக்கொரு கடை நடத்துகிறது. இந்தியக் கடையில் எடுத்த மாதச் சந்தா பிரித்தானியக் கடையில் செல்லாது. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியபோது அது இந்தியக் கடையை மையமாக வைத்தே அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 டிசம்பரிலிருந்து, வாடிக்கையாளரை அவர் வசிக்கும் நாட்டைக் காட்டி இணையக் கடைகள் காரணமின்றி ஒதுக்குவதைத் தடைசெய்திருக்கிறது. ஆனால் அந்தத் தடையிலிருந்து மின்னூலுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஆகவே பிரான்ஸில் இருக்கும் ஒருவர் ஜேர்மன் கடையில் ஒரு சோடி சப்பாத்து வாங்குவதைச் சட்டம் காக்கும். ஒரு மின்னூல் வாங்குவதைக் காக்காது.

இரண்டாவது பதிப்பாளரின் வேலி. மின்னூலைக் கடையில் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: உலகம் முழுவதற்குமா, குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டுமா? இதற்குப் பதில் சொல்வது கடை அல்ல, நூலை ஏற்றுபவர். சில ஆண்டுகளுக்கு முன் நான் தேடிய ஒரு நாவல் இங்கே திறக்கவில்லை. கடைக்கு எழுதினேன், பதிப்பகத்தைக் கேளுங்கள் என்றார்கள். பதிப்பகத்துக்கு எழுதினேன், கடையைக் கேளுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை எழுதியபோது அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி பொறுமையாகக் கணக்கைத் திறந்து பார்த்தார். “இந்தியா” என்ற ஒரு நாடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. “ஏன் அப்பிடிப் போட்டாங்கன்னு தெரியலீங்க சார், முன்னாடி இருந்தவங்க பண்ணுனது” என்றார். ஒரு சொடுக்கில் அதை மாற்றினார். இரண்டு நாளில் நூல் திறந்தது. கொள்கை எதுவும் அங்கே இருக்கவில்லை. யாரோ எப்போதோ மறந்துபோன ஒரு பெட்டி மட்டும் இருந்தது.

எல்லா இடத்திலும் மறதிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். பதிப்பாளர்களுக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. சென்னை வாசகருக்காக நூறு ரூபாய் விலை வைத்த மின்னூலை, பத்து டொலர் கொடுக்கக்கூடிய வெளிநாட்டு வாசகரும் அதே நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டால், அச்சு நூலை அஞ்சலில் அனுப்பிக் கிடைக்கும் சிறு வருமானமும் போய்விடும் என்கிறார்கள். பிரதிகள் சில நூறு மட்டுமே விற்கும் துறையில் இந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அதற்கான தீர்வு விலை, கதவைச் சாத்துவதல்ல. நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கக் கடைகள் இடமளிக்கின்றன. ஒஸ்லோவில் இருக்கும் வாசகர் சென்னை விலையைக் கேட்கவில்லை. தபாற்செலவோடு ஒப்பிட்டால் எந்த மின்னூல் விலையும் அவருக்குக் குறைவுதான். அவர் பணத்தோடு வந்து நிற்கிறார், கடை பூட்டியிருக்கிறது.

பூட்டிய கடைக்கு முன்னால் நிற்பவர் என்ன செய்வார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பிலும் ரெலிகிராமிலும் அந்த நூலின் பிடிஎஃப் சுற்றிக்கொண்டிருக்கும். திருட்டுப் பிரதியை நான் நியாயப்படுத்தவில்லை. எழுத்தாளருக்கு ஒரு சதமும் போகாத வழி அது. விற்பனைக்கு இருக்கும் நூலையே சோம்பலில் திருடுபவர்களும் எம்மிடையே நிறைய உண்டு. ஆயினும் விற்க மறுக்கப்படும் நூலைப் பொறுத்தவரை, நேர்மையான வாசகரையும் திருடரையும் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த வேலிதான். இதில் நட்டப்படுபவர் நிறுவனத்தைவிட அதிகமாக எழுத்தாளர்.

மூன்றாவது சட்டத்தின் வேலி. இது எமது பழைய நூல்களைப் பாதிக்கிறது. பதிப்புரிமைக் காலம், ஆசிரியர் இறந்ததிலிருந்து இந்தியாவில் 60 ஆண்டுகள், இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 70, பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 70, மலேசியாவில் 50. கனடாவில் 50 ஆக இருந்தது, 2022 டிசம்பர் இறுதியில் 70 ஆனது. ஈழக்கவிதையின் முன்னோடிகளில் ஒருவரான மஹாகவி 1971இல் மறைந்தவர். அவர் வாழ்ந்தபோது வெளிவந்த படைப்புகள் 2022 தொடக்கத்திலிருந்து கனடாவில் பொதுச்சொத்து. இலங்கையில் 2041 முடியும்வரை இல்லை. அதாவது அவரை ஸ்காபரோவில் இருப்பவர் தடையின்றி மின்னூலாக்கலாம். அளவெட்டியில், அவருடைய சொந்த மண்ணில், அனுமதி தேவை. அவர் ஓராண்டு பிந்தி இறந்திருந்தால் கனடாவிலும் 2042 முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விசித்திரம் அமெரிக்காவின் ஹாத்திட்ரஸ்ட் மின்னூலகத்தில் நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களிலிருந்து வருடப்பட்ட பழைய தமிழ் நூல்கள் பல அதில் உள்ளன. பழைய நூல்களுக்கு அமெரிக்கச் சட்டம் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. அதனால் 1920இல் சென்னையில் அச்சான நூல் நியூ ஜேர்சி வாசகருக்குத் திறக்கும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு, எச்சரிக்கையாக, ஆண்டெல்லையை இன்னும் பல பத்தாண்டுகள் பின்தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆகவே அதே நூல் சென்னை வாசகருக்கும் யாழ்ப்பாண வாசகருக்கும் பெரும்பாலும் திறப்பதில்லை. இங்கே வேலிக்கு வெளியே நிற்பது தாயகம். பிராந்தியத் தடை என்றாலே புலம்பெயர்ந்தவரின் முறைப்பாடு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நிலையில் தமிழுக்கு வாய்த்த நல்வாய்ப்பு, வேலி எழும்புவதற்கு முன்பே சிலர் வழி வெட்டியிருந்தார்கள் என்பது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிஸிலும் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவிலும் இருந்தார்கள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சங்க நூல்களிலிருந்து தட்டெழுதி ஏற்றினார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் எங்கிருந்தும் வாசிக்கத் தந்தது. தமிழ்நாடு அரசு பாரதியில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியதும் பெரிய உதவி. ஆனால் இவை பெரும்பாலும் பழைய நூல்களுக்கும், உரிமையாளர் மனமுவந்து தந்த நூல்களுக்கும் உரிய வழிகள். இந்த ஆண்டு வெளியாகும் நாவலுக்கு இவற்றால் உதவ முடியாது. நாம் பாதுகாக்கப்பட்ட இலக்கியத்துக்கு வாசகர்களாக இருக்கிறோம். நிகழும் இலக்கியத்துக்கு வாசலில் நிற்பவர்களாக இருக்கிறோம்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் விடயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகிய ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, தமிழ் நாவலொன்றைத் தானாகவே கையில் எடுப்பது அரிது. எடுத்தால், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்; ஒரு சொல்லை வெட்டி அகராதியில் போட்டுப் பார்க்க வேண்டும்; வாசிக்க முடியாத பந்தியைக் கருவி உரத்து வாசித்தால் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறைக்கு மின்னூல் ஒரு வசதி. இவர்களுக்கு அது ஊன்றுகோல். சாய்வாக வருடப்பட்ட பிடிஎஃப் படத்தில் இவை எதுவும் நடக்காது. ஆகவே திருட்டுப் பிரதிகூட இவர்களுக்கு மாற்று இல்லை. மேலும், நாங்கள் இந்தியக் கணக்கு வைத்திருக்கும் சித்தப்பாவைப் பிடித்தோ வி.பி.என். போட்டோ எப்படியாவது உள்ளே நுழைந்துவிடுவோம். அந்தப் பிள்ளை அப்படிச் செய்யாது. “கிடைக்காது” என்ற வரியைப் பார்த்ததும், அடுத்த சொடுக்கில் ஆங்கில நூல் ஒன்றுக்குப் போய்விடும். தமிழை வாசிக்க விரும்பிய ஒரு நிமிடம் அதோடு முடிந்துபோகும். அந்த நிமிடம் திரும்ப எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

புலம்பல் போதும். செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றில் எதற்கும் உலகப் பெருநிறுவனங்களின் தயவு தேவையில்லை.

புலத்தில் வாழும் எழுத்தாளர்கள் சென்னைப் பதிப்பகத்தோடு கையெழுத்திடும்போது, மின்னூல் உலகம் முழுவதும் விற்கப்படும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தமே இல்லாமல் நூல் வெளியிடும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. அப்படியானால் ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்க வேண்டும். விற்க முடியாத நாடுகளின் மின்னூல் உரிமையை ஆசிரியருக்கே திருப்பித் தரும்படியும் கேட்கலாம். பதிப்பாளர்கள் தம் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு நூலுக்கும் எந்த நாடுகள் குறிக்கப்பட்டுள்ளன என்று ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதின் வேலை அது. முடிந்தவர்கள் பூட்டில்லாத ஈபப் கோப்பைத் தம் தளத்திலிருந்தே நேரடியாக விற்கலாம். மறைந்த எழுத்தாளர்களின் பிள்ளைகளில் பலர் எம்மோடு இதே நகரங்களில் வசிக்கிறார்கள். அவர்கள் நூலகம் போன்ற திட்டங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தால், 2041வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

வாசகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நூல் திறக்காதபோது பிடிஎஃப் தேடுவதற்கு முன் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: நூலின் பெயர், நீங்கள் இருக்கும் நாடு, கொடுக்கத் தயாராக உள்ள விலை. இம்மூன்றும் அதில் இருந்தால் போதும். வெளிநாட்டில் யார் மின்னூல் வாங்கப் போகிறார்கள் என்று நினைக்கும் ஒரு பதிப்பாளரின் மேசையில் அப்படி இருபது கடிதங்கள் சேர்ந்தால், அடுத்த நூலை ஏற்றும்போது எந்தப் பெட்டியைக் குறிப்பது என்று அவர் ஒரு கணமாவது யோசிப்பார்.